காரில் வைக்கும் கம்பிரசர் குளிர்பெட்டிக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்?

தைப்பூசமும் பள்ளி விடுமுறையும் நெருங்கினால் போதும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காரில் எடுத்துச் செல்லும் சிறு குளிர்பெட்டிகளைப் பற்றிய விசாரிப்பு தொடங்கிவிடும். வழியில் ஐஸ் கட்டி தேடி அலைய வேண்டாம், பால் திரியாது, பானங்கள் நீரில் மிதக்காது என்பதால் பலரும் நுரைப்பெட்டியை விட்டு இதற்கு மாறிவருகிறார்கள். பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. அதை ஓட்டும் பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் குழப்பம். ஒரு பேட்டரியின் மேல் '100 ஆம்பியர்-மணி' என்று இருக்கிறது. இன்னொன்றின் மேல் '80,000 மில்லி ஆம்பியர்-மணி'. மூன்றாவதன் மேல் '500 வாட்-மணி'. குளிர்பெட்டியின் அடியில் ஒட்டிய வில்லையிலோ '60 வாட்'. இந்த நான்கு எண்களில் எதை எதனோடு பெருக்குவது, எதால் வகுப்பது?

கடையில் கேட்டால் முதல் கேள்வி பெரும்பாலும் 'பெட்டி எத்தனை லிட்டர்?' என்பதாகத்தான் இருக்கும். லிட்டரை விட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. பெட்டி எவ்வளவு சூட்டில் நிற்கப்போகிறது? உள்ளே வைக்கும் பொருள் வைக்கும்போதே குளிர்ந்திருக்கிறதா? நம் ஊர் வெயிலில் இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் வாங்கும் பேட்டரி, முதல் நாள் இரவுக்குள்ளேயே கைவிரித்துவிடக்கூடும்.

அலகுகள் மூன்று

1. வாட்: ஒரு கருவி இந்தக் கணத்தில் மின்சாரத்தை எந்த வேகத்தில் செலவிடுகிறது என்பதன் அளவு. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் கம்பிரசர் 48 வாட் செலவிடுகிறது.

2. வாட்-மணி: அந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்லும் மொத்தச் செலவு. 48 வாட் கருவி இரண்டு மணி நேரம் ஓடினால் 96 வாட்-மணி. வீட்டு மின்கட்டண பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி.

3. ஆம்பியர்-மணி: பேட்டரியில் அடங்கியிருக்கும் மின்னூட்டத்தின் அளவு. வோல்ட் எவ்வளவு என்று தெரியாமல் இந்த எண்ணுக்குப் பயன் இல்லை. ஆம்பியர்-மணியை வோல்ட்டால் பெருக்கினால்தான் வாட்-மணி வரும்.

மூன்றாவதில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். '80,000 மில்லி ஆம்பியர்-மணி' என்று அச்சிட்ட கையடக்க மின்பெட்டியைப் பார்த்ததும், இது 80 ஆம்பியர்-மணி கார் பேட்டரிக்குச் சமம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். 12 வோல்ட் பேட்டரியில் 80 ஆம்பியர்-மணி என்றால் 960 வாட்-மணி. ஆனால் அந்த மின்பெட்டியில் போட்ட எண் பெரும்பாலும் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டை வைத்துப் போட்டது. 80 × 3.7 = 296 வாட்-மணி. எண் ஒன்றுதான், சரக்கு மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கைபேசிக்கு வாங்கும் 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் இதே கணக்கில் வெறும் 74 வாட்-மணிதான். ஆகவே எந்தப் பேட்டரியை வாங்கினாலும் வாட்-மணி எவ்வளவு என்று தேடுங்கள். அது எழுதப்படாமல் இருந்தால் செல்லின் வோல்ட்டைக் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். வாட்-மணியை எங்குமே போடாத பொருளை வாங்காமல் இருப்பதே நல்லது.

60 வாட்டை 24-ஆல் பெருக்கினால் விடை தப்பு

அலகு புரிந்தவுடன் பலர் செய்யும் அடுத்த காரியம், 60 × 24 = 1,440 வாட்-மணி என்று போட்டுவிட்டு, இவ்வளவு பெரிய பேட்டரிக்கு எங்கே போவது என்று கைவிடுவது. கம்பிரசர் நாள் முழுவதும் ஓடுவதில்லை. உள்ளே 4 டிகிரி ஆனதும் நின்றுவிடும். ஓரிரு டிகிரி ஏறியதும் மீண்டும் ஓடும். இரவில் காதை வைத்துக் கேட்டால் சில நிமிடம் மெல்லிய உறுமல், பிறகு அதைவிட நீண்ட அமைதி என்று மாறி மாறி வருவது தெரியும். நன்றாகக் குளிர்ந்த 40 லிட்டர் பெட்டி, 30 டிகிரி அறையில், மூடியே இருந்தால், நாளின் நேரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் ஓடும். சராசரி 10 முதல் 14 வாட். ஒரு நாளைக்கு 240 முதல் 340 வாட்-மணி.

இது கம்பிரசர் பெட்டிக்கு மட்டுமே பொருந்தும். மலிவு விலையில் 'மினி ஃபிரிட்ஜ்' என்று விற்கும் பெல்டியர் வகைப் பெட்டிகளில் கம்பிரசர் கிடையாது, ஒரு மின்தகடும் விசிறியும்தான். அவற்றில் பல நிற்காமல் 40 முதல் 60 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு செலவழித்தும் வெளிச்சூட்டிலிருந்து 15, 20 டிகிரிதான் குறைக்க முடியும். வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே 15 டிகிரிக்குக் கீழே போகாது. பாலுக்கும் மீனுக்கும் மருந்துக்கும் அது போதாது. பேட்டரியில் ஓட்டுவதற்கு அதைப் பரிந்துரைக்கவே முடியாது.

வெப்பம் எப்படி உள்ளே வருகிறது

கம்பிரசர் செய்யும் வேலை ஓட்டைப் படகிலிருந்து தண்ணீர் இறைப்பது போன்றது. எவ்வளவு இறைக்க வேண்டும் என்பதை நுழையும் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. குளிர்பெட்டிக்குள் வெப்பம் மூன்று வழியாக நுழைகிறது.

1. சுவர் வழியாக. இது இடைவிடாமல் நடப்பது. வெளிச்சூட்டுக்கும் உட்குளிருக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வெப்பம் கசியும். வெளியே 30, உள்ளே 4 என்றால் வித்தியாசம் 26. அதே பெட்டியை கேமரன் மலையின் தானா ராத்தாவில் 18 டிகிரி இரவில் வைத்தால் வித்தியாசம் 14-தான், செலவு பாதியாகிவிடும். கோலாலம்பூரில் வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரி எளிதாக ஏறும். அப்போது வித்தியாசம் 46.

இங்கே இன்னொரு பாதகமும் சேர்ந்துகொள்கிறது. கம்பிரசர் உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளிக்காற்றில்தான் கொட்டியாக வேண்டும். கொட்டும் இடமே கொதித்தால் ஒவ்வொரு வாட் வெப்பத்தையும் வெளியேற்றக் கூடுதல் மின்சாரம் பிடிக்கும். ஆகவே வித்தியாசம் ஒன்றரை மடங்கானால் மின்செலவு இரண்டு மடங்கை நெருங்குகிறது. பெட்டியின் வில்லையில் 'டி' என்று காலநிலை வகுப்பு போட்டிருந்தால் அது 43 டிகிரி வரைக்குமான வடிவமைப்பு, 'எஸ்.டி.' என்றால் 38 டிகிரி வரைதான். மூடிய காரின் நண்பகல் இந்த இரண்டையும் தாண்டிவிடும். துணிப்பையும் தலையணையும் பெட்டியின் காற்றுத்துளைகளை அடைத்துக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

2. உள்ளே வைக்கும் பொருளோடு. இதுதான் பெரும்பாலோர் கணக்கில் வராத பெருஞ்செலவு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.19 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். பாலும் பானங்களும் இதற்கு மிக நெருக்கமானவையே. கடையில் வாங்கிய 15 கிலோ பானங்களை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர 15 × 4.19 × 26, அதாவது சுமார் 1,634 கிலோஜூல். 3.6 கிலோஜூல் ஒரு வாட்-மணி என்பதால் இது 454 வாட்-மணி வெப்பம். சிறு கம்பிரசர் ஒரு வாட்-மணி மின்சாரத்தால் தோராயமாக ஒன்றரை வாட்-மணி வெப்பத்தை வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டால், மின்செலவு 300 வாட்-மணி. முழு ஒரு நாள் செலவு, பானங்கள் குளிர்வதற்குள்ளேயே போய்விட்டது.

உறையவைப்பது என்றால் இந்தச் செலவு பல மடங்கு. ஒரு கிலோ நீர் சூடு குறையாமல் ஐஸ் ஆவதற்கு மட்டுமே 334 கிலோஜூல் அகற்ற வேண்டும். 30 டிகிரி தண்ணீர் 5 கிலோவை மைனஸ் 18 டிகிரி ஐஸ் ஆக்கச் சுமார் 2,490 கிலோஜூல், கிட்டத்தட்ட 690 வாட்-மணி வெப்பம். அவ்வளவு குளிரில் கம்பிரசரின் திறனும் இறங்கிவிடும், ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு. பேட்டரியில் ஐஸ் தயாரிப்பது, அது வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் செய்ய வேண்டிய காரியம்.

3. மூடியைத் திறக்கும்போது. மேலே திறக்கும் பெட்டியில் குளிர்காற்று கனமாக இருப்பதால் அப்படியே கீழே தங்கிவிடும், இழப்பு குறைவு. காற்று போவதை விட நம் ஊர்க் காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே வருவதுதான் தொல்லை. அது சுவரில் படிந்து பனியாகி, வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு நூல் சிக்கியிருந்தாலும் இரவு முழுவதும் இது நடக்கும்.

வீட்டிலேயே ஒரு நாள் அளந்து பாருங்கள்

மேலே சொன்ன எண்கள் தோராயம். உங்கள் பெட்டியின் சுவர் எவ்வளவு தடிமன், ரப்பர் எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் பெட்டிக்கு மட்டுமே உரியது. விவரத்தாளில் இருக்கும் எண்ணை நம்புவதை விட, பேட்டரி வாங்கும் முன் ஒரு முழு நாள் அளப்பது நல்லது. செருகியில் மாட்டி வாட்-மணியைக் காட்டும் சிறிய மீட்டர்கள், நம் மூன்று முனைச் செருகிக்குப் பொருந்தும் வகையிலேயே கிடைக்கின்றன.

அளக்கும் முறை:

1. பெட்டியை ஏறத்தாழ முழுதாக நிரப்பி, 4 டிகிரிக்கு வைத்து, ஓர் இரவு ஓடவிடுங்கள். இந்த முதல் குளிர்விப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

2. காலையில் மீட்டரைப் பூச்சியமாக்கி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். குளிர்சாதனம் போடாத அறையில் வையுங்கள். அறையின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. வந்த எண்ணிலிருந்து பதின்மூன்று, பதினைந்து சதவீதம் கழியுங்கள். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் அடாப்டர் தின்றது அது. பேட்டரியில் நேராக ஓட்டும்போது அந்த இழப்பு இருக்காது.

மீட்டர் 300 வாட்-மணி காட்டினால் பெட்டியின் உண்மைச் செலவு சுமார் 260. மணிக்கு 10.8 வாட்-மணி. இனி எல்லாக் கணக்கும் இந்த ஒரே எண்ணிலிருந்து வரும்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு: ஒரு முழுக் கணக்கு

தைப்பூசத்துக்கு முதல் நாள் செந்தூலிலிருந்து பினாங்குக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 350 கிலோமீட்டர், நெரிசலைப் பொறுத்து ஐந்து மணி நேரம். பால்குடத்துக்கு வேண்டிய பால் பாக்கெட்டுகள், மோர், குழந்தைகளின் பானங்கள் என்று 15 கிலோ. ஜார்ஜ்டவுனிலிருந்து ரதங்கள் புறப்படும் அந்த நாளிலும் மறுநாளும் தண்ணீர்மலைப் பக்கம் பல சாலைகள் மூடப்படும். காரை எங்கேயாவது நிறுத்தினால் இரண்டு நாளைக்கு அசைக்க வழியில்லை. ஜனவரி, பிப்ரவரி பினாங்கில் மழை குறைந்த, வெயில் கடுமையான மாதங்கள். நிழல் இல்லாத திடலில் கார் நிற்கிறது. ஆக, 48 மணி நேரத்துக்குப் பேட்டரி மட்டுமே துணை.

1. பகல் கசிவு. காருக்குள் பகல் எட்டு மணி நேரச் சராசரி 46 டிகிரி என்று கொள்வோம். வித்தியாசம் 42. வீட்டில் அளந்தபோது 26. விகிதம் 1.6. சூட்டில் கம்பிரசர் திணறுவதற்காக இன்னொரு 1.3 மடங்கு. மொத்தம் 2.1. எட்டு மணி × 10.8 × 2.1 = சுமார் 180 வாட்-மணி.

2. இரவும் மாலை, காலையும். பதினாறு மணி நேரம், சராசரி 27 டிகிரி, வித்தியாசம் 23. விகிதம் 0.88. 16 × 10.8 × 0.88 = சுமார் 150 வாட்-மணி.

3. புதிதாக வைப்பவை. குடித்த பானங்களுக்குப் பதிலாக நாளொன்றுக்கு நான்கு கிலோ சூடான பாட்டில்கள் உள்ளே போகும். மேலே பார்த்த அதே கணக்கில் 80 வாட்-மணி.

4. கூட்டல். நாளுக்கு 410, இரண்டு நாளுக்கு 820. மூடி திறப்பதற்கும், பேட்டரி பழசாவதற்கும், நாம் எதிர்பாராத வெயிலுக்கும் கால் பங்கு கூட்டினால் 1,025 வாட்-மணி.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 15 கிலோ சரக்கும் வீட்டு மின்சாரத்திலேயே குளிர்ந்து, 4 டிகிரியில் காரில் ஏறியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மேலும் 300 வாட்-மணி சேரும். கால் பங்கையும் கூட்டினால் மொத்தம் 1,400 ஆகிவிடும். போகும் வழியில் குளிர்ந்துவிடாதா என்று கேட்கலாம். 50 வாட் கம்பிரசர் ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் தரக்கூடியது 250 வாட்-மணிதான். வழியில் சுவரில் கசியும் வெப்பத்தையும் அதுவே இறைக்க வேண்டும். பினாங்குப் பாலம் ஏறும்போதும் பால் இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்காது. முந்தின இரவே வீட்டில் பெட்டியை ஓடவிடுவதற்கு ஒரு ரிங்கிட் கூடச் செலவாகாது. இந்தத் துறையில் இதைவிட மலிவான பேட்டரி கிடையாது.

இரண்டாவது மலிவான பேட்டரி நிழல். காரை மரத்தடியிலோ கூரை போட்ட நிறுத்துமிடத்திலோ விட்டால் பகல் கசிவு 180-லிருந்து 105 ஆக இறங்கும். இரண்டு நாளில் 150 வாட்-மணி மிச்சம். வாகனத்துக்குள்ளே விடாமல் தங்கும் வீட்டுக்குள் தூக்கிச் செல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

எந்தப் பேட்டரி?

1,025 வாட்-மணி தேவை என்றால் அதே அளவு பேட்டரி வாங்கினால் போதாது. எழுதியிருப்பதில் எவ்வளவு எடுக்கலாம் என்பது வகையைப் பொறுத்தது.

ஈய-அமில பேட்டரி, அதாவது பழைய வகை, ஆழமாக இறக்கினால் வேகமாகக் கெடும். பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. ஆகவே 2,050 வாட்-மணி, 12-ஆல் வகுத்தால் 171 ஆம்பியர்-மணி. நடைமுறையில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு. ஒவ்வொன்றும் 30 கிலோவை ஒட்டி இருக்கும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் தொண்ணூறு சதவீதம் எடுக்கலாம். 1,139 வாட்-மணி, அதன் 12.8 வோல்ட்டால் வகுத்தால் 89 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும், எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. முதலில் விலை கூடுதல்தான். ஆனால் ஆயிரக்கணக்கான முறை இறக்கி ஏற்றலாம் என்பதாலும், ஒரு பெண்ணோ வயதானவரோ தனியாகத் தூக்க முடியும் என்பதாலும், அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு இதையே சொல்வேன். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வெளியே போகிறவர்களுக்குப் பெரிய பேட்டரி தேவையே இல்லை. சரக்கைக் குறைத்து, ஒரு நாளைக்குப் போதுமான 50 ஆம்பியர்-மணி லித்தியத்தை வாங்கி, தங்கும் இடத்தில் இரவில் சார்ஜ் செய்துகொள்ளலாம்.

காரின் சொந்த பேட்டரியை நம்பலாமா? சிறு கார்களில் அது 35 முதல் 45 ஆம்பியர்-மணி. இஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் பெருமின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளோடு செய்தது. மறுபடி வண்டி கிளம்ப வேண்டும் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பது ஆபத்து. 40 ஆம்பியர்-மணியில் அது 96 வாட்-மணி. வெயிலில் நிற்கும் காரில் நான்கைந்து மணி நேரம்கூடத் தாங்காது.

கைப்பிடி வைத்த மின்பெட்டிகளில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அதிலுள்ள 230 வோல்ட் செருகியில் குளிர்பெட்டியின் அடாப்டரை மாட்டாதீர்கள். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி, அதை அடாப்டர் மறுபடியும் நேர்மின்சாரமாக்கும்போது இரு முறை இழப்பு. அதோடு அந்த மாற்றி சும்மா விழித்திருப்பதற்கே 5 முதல் 15 வாட் தின்னும். நம் பெட்டியின் சராசரிச் செலவே 10.8 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள். 12 வோல்ட் துளையையே பயன்படுத்த வேண்டும். இரண்டு, பல மின்பெட்டிகளில் சிக்கன முறை ஒன்று இருக்கும். செலவு மிகக் குறைந்தால் யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணி வெளியீட்டைத் தானே அணைத்துவிடும். கம்பிரசர் ஓய்வெடுக்கும் இடைவேளையில் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆக, இரவு பன்னிரண்டு மணிக்கு மின்பெட்டி அணைந்துவிடும். காலையில் பேட்டரி நிறைந்திருக்கும், பால் திரிந்திருக்கும். புறப்படும் முன் அமைப்பில் அதை அணைத்துவைக்க வேண்டும்.

கம்பியில் தொலையும் வோல்ட்

பேட்டரி நிறைய இருந்தும் பெட்டி நின்றுவிடுகிறது என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி பேட்டரி அல்ல, கம்பி. பெட்டிகளில் குறைந்த வோல்ட் வந்தால் தானே அணையும் பாதுகாப்பு உண்டு. உயர், நடு, தாழ் என்று மூன்று நிலைகள். உயர்நிலையில் சுமார் 11 வோல்ட்டை ஒட்டி அணைந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். பாதி நிறைந்த ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.2 வோல்ட் காட்டும், சுமை ஏறினால் 12. பின்பக்கம் வரை ஐந்து மீட்டர் கம்பி. போய்வர பத்து மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அதன் தடை 0.117 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 0.58 வோல்ட் கம்பியிலேயே தொலைகிறது. சிகரெட் லைட்டர் துளையின் தளர்ந்த ஸ்பிரிங்கில் இன்னொரு கால் வோல்ட். பெட்டிக்குப் போய்ச் சேருவது 11.2-க்குக் கீழே. கம்பிரசர் கிளம்பும், வோல்ட் சரியும், அணையும். அணைந்ததும் வோல்ட் ஏறும், மறுபடி கிளம்ப முயலும். லைட்டர் செருகியைத் தொட்டால் சூடாக இருக்கும். அந்தச் சூடும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாட்-மணிதான்.

6 சதுர மில்லிமீட்டர் கம்பியை பேட்டரியிலிருந்து நேராக இழுத்தால் இழப்பு 0.15 வோல்ட்டாகிவிடும். பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ஃபியூஸ் இல்லாமல் பட்டறையில் இழுத்துக் கொடுத்தால் வாங்கிவராதீர்கள். தேய்ந்த கம்பி உடம்புத் தகட்டில் உரசினால் கார் எரிந்துவிடும். தனி பேட்டரி வைத்திருப்பவர்கள் பாதுகாப்பு நிலையை நடுவுக்கோ தாழ்வுக்கோ மாற்றலாம். காரின் பேட்டரியில் ஓட்டும்போது உயர்நிலையை விட்டு இறங்கக் கூடாது.

மறுபடி ஏற்றுவது

ஓடும் காரில் ஏற்றுவதற்கு லைட்டர் துளை போதாது. அது தாங்குவது பத்து ஆம்பியர் அளவுதான், சுமார் 120 வாட். அதில் பாதியைக் குளிர்பெட்டியே எடுத்துக்கொள்ளும். காரின் நேர்மின்சாரத்தை எடுத்துத் தனி பேட்டரியை ஏற்றும் 20 ஆம்பியர் டி.சி. சார்ஜர் ஒன்றைத் தனியாகப் பொருத்தினால் பினாங்கு போய்ச்சேரும் ஐந்து மணி நேரத்தில் காலியான 100 ஆம்பியர்-மணி லித்தியம் நிரம்பிவிடும்.

சூரியத் தகடு பற்றிய எதிர்பார்ப்பு நம்மிடையே கொஞ்சம் அதிகம். நம் நாட்டில் ஒரு நாளின் வெயில் முழுவதையும் சேர்த்தால் நான்கு, நாலரை மணி நேர முழு வெயிலுக்குச் சமம். சூடும் தூசியும் கம்பியும் முப்பது சதவீதம் எடுத்துக்கொள்ளும். 100 வாட் தகடு ஒரு தெளிந்த நாளில் 280 வாட்-மணி தரும். மேலே கணக்கிட்ட நாளுக்கு 410 வேண்டும். கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை வந்துவிட்டால் அதுவும் இல்லை. 200 வாட்டுக்குக் குறையாமல் வையுங்கள். காரின் கண்ணாடிக்குள் வைத்தால் பெரும்பகுதி வீண்.

வெயிலில் மூடிய காருக்குள் லித்தியம் பேட்டரியை சார்ஜில் விடுவதும் சரியல்ல. 40, 45 டிகிரிக்கு மேல் பல மின்பெட்டிகள் ஏற்றிக்கொள்ளவே மறுக்கும். மறுக்காதவை ஆயுளை இழக்கும்.

இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளுக்கு

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மின்சாரம் இல்லாமல் போனால் நீரிழிவு மருந்து என்னவாகும் என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களின் உண்மையான கவலை. அவர்களுக்கு 40 லிட்டர் பெட்டி தேவையில்லை. 15 லிட்டர் சிறு பெட்டி, 29 டிகிரி அறையில், திறக்காமல் இருந்தால் நாளொன்றுக்கு 200 வாட்-மணி சுற்றிச் செலவாகும். 50 ஆம்பியர்-மணி லித்தியத்தில் எடுக்கக்கூடிய 576 வாட்-மணி இரண்டரை நாளைக்கு மேல் வரும். ஐந்தரை டிகிரிக்கு வைத்தால் இன்னும் கொஞ்சம் நீளும். பேட்டரியை மாதம் ஒரு முறை பார்த்து ஏற்றிவைக்க வேண்டும். வெள்ளம் வரும் தாமான்களில் அதைத் தரையில் வைக்காமல் மாடியிலோ உயர அலமாரியிலோ வைத்திருக்க வேண்டும்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சிறு கம்பிரசர் பெட்டிகளில் குளிர்க்குழாய் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. முகப்புத் திரை 4 என்று காட்டும்போது சுவரை ஒட்டிய இடம் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கலாம். மருந்தைச் சுவரில் படாமல் துணி சுற்றி நடுவில் வைத்து, பக்கத்தில் தனி வெப்பமானி ஒன்றைப் போடுங்கள். அதில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பெட்டியின் அமைப்பை ஏற்றி இறக்குங்கள். ஒரு முறை உறைந்துவிட்ட இன்சுலினை உருகிய பிறகும் போட்டுக்கொள்ளக் கூடாது, தெளிவாகத் தெரிந்தாலும்கூட.